கோவைக்கு இன்னொரு தேதி: 1805 ஆடி 18

சரவணம்பட்டியின் ஐ.டி. ஊழியர்களுக்கு சத்தி ரோடு அலுவலகம் போகும் வழி. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தத் திசை மைசூருக்குப் போகும் வழி. அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் தாண்டினால் மலை. அங்கே கஜலட்டிக் கணவாய் வழியாகத்தான் மைசூர்ப் படைகள் கொங்குச் சமவெளிக்கு இறங்கின. 1790 செப்டம்பரில் சத்தியமங்கலத்தருகே கர்னல் ஃப்ளாய்டின் கும்பினிப் படையைத் தாக்கிப் பின்வாங்க வைத்தார் திப்பு சுல்தான்.

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார், கோவை கும்பினியின் கைக்குப் போனது. ஆனால் அந்தச் சண்டையின் கணக்கு அன்றோடு முடியவில்லை. அது முடிந்த ஆண்டு 1805. எதிரெதிர் அணியில் நின்ற பெரிய மனிதர்கள் அந்த ஓராண்டுக்குள் அடுத்தடுத்து மறைந்தார்கள்.

ஒருநாள் இடைவெளி

1805 ஜூலை 30 அன்று கல்கத்தாவில் காரன்வாலிஸ் இரண்டாம் முறையாக கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையிடம் தோற்றவர் இவர். 1792-ல் திப்புவின் நாட்டில் பாதியையும் இரண்டு மகன்களைப் பிணையாகவும் வாங்கியவரும் இவரே. மறுநாள், ஜூலை 31 அன்று, ஆடி 18-ல், சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார்.

காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீர்த்தகிரிதான் சின்னமலை. மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்து, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என அனுப்பியதால் வந்த பெயர் என்பது ஊர் வழக்கு. அதே மைசூருக்காகப் பின்னாளில் அவர் வாளெடுத்தார். திப்பு இறந்தபின் அறச்சலூர் பக்கம் ஓடாநிலையில் கோட்டை கட்டினார். 1800 ஜூன் 3-ல் கோவையிலிருந்த கும்பினிப் படையைத் தாக்கப் பாளையக்காரர்கள் போட்ட திட்டம் தோற்று, பலர் தூக்கிலேறினார்கள். அதற்குப் பிறகும் சின்னமலை அடங்கவில்லை. காவிரிக்கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று அவர் நடத்திய சண்டைகளைக் கொங்கு இன்றும் வரிசையாகச் சொல்லும். கடைசியில் சமையற்காரன் காட்டிக்கொடுக்க, தம்பிமாரோடும் தோழர் கருப்பசேர்வையோடும் பிடிபட்டார் என்கிறது வாய்மொழி வரலாறு.

அவருடைய படையில் இருந்த பொல்லானும் அதே ஆடியில் கொல்லப்பட்டார். அருந்ததியர் குலத்தவரான அவரை ஆடி முதல் தேதியில் நினைவுகூர்கிறார்கள். சாதிப் பதாகைகளுக்கு அடியில் சின்னமலையைச் சுருக்கப் பார்ப்பவர்கள், அந்தப் படையில் யார் யார் இருந்தார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டுக் காட்டில் பழசி ராஜா கேரள வர்மாவின் போர் இன்னும் ஓயவில்லை. 1792 உடன்படிக்கையில் மலபார் கும்பினிக்குப் போனதன் பின்விளைவு அது. நவம்பர் 30-ல் மாவிலத்தோட்டருகே அவர் இறந்தார். துரத்தி வந்த சப்-கலெக்டர் பேபரே தன் பல்லக்கில் உடலை ஏற்றி அனுப்பி, உரிய மரியாதையோடு மானந்தவாடியில் எரியூட்டச் செய்தார்.

காரன்வாலிஸ் அந்த மரணத்தைக் கேட்க உயிரோடு இல்லை. பதவியேற்று மூன்று மாதம் முடியுமுன்பே, அக்டோபர் 5-ல், காஜிப்பூரில் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

நினைவு எங்கே தங்குகிறது?

காரன்வாலிஸுக்குக் காஜிப்பூரில் பெரிய கல்லறை மண்டபம் உண்டு. சென்னையில் அவருக்கு எழுப்பிய நினைவு மண்டபத்தால் பெயர் பெற்ற சினோடாப் சாலை இன்றும் இருக்கிறது. அவர் சிலை கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவர் இறந்த நாளை மட்டும் இங்கே யாரும் எண்ணுவதில்லை.

சின்னமலைக்கு ஓடாநிலையில் மணிமண்டபம் உண்டு, 2005-ல் அஞ்சல்தலையும் வந்தது. ஆனால் அவரை மறக்கவிடாமல் வைத்திருப்பது ஆடிப்பெருக்கு. 1805-ல் ஜூலை 31-ஐ ஒட்டி வந்த ஆடி 18, இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வருகிறது. தமிழ் ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் நீளம் என்பதால், இருநூறு ஆண்டில் மூன்று நாள் நகர்ந்துவிடும். ஆங்கிலத் தேதி பின்தங்கினாலும் சனங்கள் ஆடிக்கணக்கை விடவில்லை. அன்றைக்கு அரசும் கட்சிகளும் ஊர்க்காரர்களும் மாலையோடு சங்ககிரிக்கும் ஓடாநிலைக்கும் போகிறார்கள்.

கோவை நகரமோ நவம்பர் 24-ஐத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. கும்பினி அரசு 1804-ல் கோவையைத் தலைமையிடமாக்கிப் புது மாவட்டம் அமைத்ததன் நினைவு அது. அந்த மாவட்டத்தைக் கும்பினி எதிர்ப்பில்லாமல் ஆள முடிந்தது, அடுத்த ஆடியில் சங்ககிரியில் நடந்த தூக்குக்குப் பிறகுதான். முதல் தேதிக்கு ஓட்டப்பந்தயமும் கச்சேரியும் வைக்கிற ஊர், இரண்டாவதைக் கிராமத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக் கூடாது. சங்ககிரி, கோவையிலிருந்து சேலம் போகும் சாலையிலேயே இருக்கிறது. கோவை தினத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு பேருந்தில் அங்கே கூட்டிப் போனால், தங்கள் ஊர் பிறந்த கதையின் மறுபாதியையும் அவர்கள் கேட்டுத் திரும்புவார்கள்.