கையைக் காட்டி நிற்கும் மைசூர் ராணி: 1805-ல் வரைந்த ஓவியத்தின் பின்னணி என்ன?

கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலைக் கிராமங்களிலோ 55 வயதைத் தாண்டியவர்களின் கையைப் பாருங்கள். பலருக்கும் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். சின்ன வயசில் பெரியம்மைக்கு ‘அம்மை குத்தின’ அடையாளம் அது. அந்த இடத்தைக் காட்டுவதற்காகவே ஒரு ராணியை ஓவியமாக வரைந்திருக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

யார் வரைந்தது?

அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ல் கம்பெனிப் படையோடு மைசூர் போனவர், 1824-ல் சென்னையில் இறந்தார். அமெரிக்காவில் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-ல் மார்த்தா வாஷிங்டனை வரைந்தார். அது யாருடைய முகம் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஹிக்கி வரைந்த மூன்று பெண்களையோ ரொம்ப காலம் ‘நாட்டியப் பெண்கள்’ என்றே சொல்லி வந்தார்கள். பெயர் எழுதி வைக்காததால் வந்த வினை!

ராணிகள் என்று எப்படித் தெரிந்தது?

வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் 2001-ல் எழுதிய கட்டுரைதான் திருப்புமுனை. வலது பக்கம் நிற்பவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளைய ராணி தேவஜம்மணி. சேலையை விலக்கி, ஊசி போட்ட இடத்தைக் காட்டுகிறார். இடது பக்கம் இருப்பவர் மூத்த ராணி. அவர் பெயரும் தேவஜம்மணிதான். அவர் மூக்கையும் வாயையும் சுற்றி நிறம் மங்கியிருக்கிறது. அம்மைப் பொருக்கைப் பொடியாக்கி மூக்கில் ஏற்றும் பழைய முறையின் அடையாளம் அது. நடுவில் இருப்பவர் பாட்டி லட்சுமி அம்மணி. கணவரைப் பெரியம்மைக்கே பறிகொடுத்தவர்.

இது சான்சலரின் வாசிப்பு. ஓவியத்தில் எழுத்துச் சான்று கிடையாது. ஆனாலும் காலமும் கையின் நிலையும் நன்றாகவே பொருந்துகின்றன.

ராணி எதற்கு?

ஜென்னரின் தடுப்பூசி 1802-ல்தான் மும்பைக்கு வந்தது. ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். யார் உடம்பின் நீரோ, என்ன சாதியோ என்ற தயக்கம் ஒரு பக்கம். மாட்டிலிருந்து வந்த மருந்து, வெள்ளைக்காரன் கொடுப்பது என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். அம்மை வந்தால் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிய ஊர்கள் இவை. அதிகாரி சொன்னால் கேட்பார்களா? அரண்மனைப் பெண்ணே போட்டுக்கொண்டால் பேச்சு வேறு. கம்பெனியும் அதைத்தான் கணக்குப் போட்டது.

அந்த ஓவியம் 2007-ல் சோதபீஸ் ஏலத்துக்கு வந்தது. இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது 1975-ல்.