முதல் வேலையின் முதல் கையெழுத்து

கல்லூரியின் கடைசி ஆண்டில் நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். ஆப்டிடியூட், குரூப் டிஸ்கஷன், டை கட்டும் விதம் வரை சொல்லித்தருகிறார்கள். வேலை கிடைத்த பிறகு எச்.ஆர். நீட்டும் காகிதக் கட்டை எப்படி வாசிப்பது என்று மட்டும் எந்தக் கல்லூரியிலும் வகுப்பு நடப்பதில்லை. திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பெட்டியோடு சென்னைக்கு வந்து, சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு ஹாஸ்டலில் கட்டில் பிடித்து, முதல் நாள் அலுவலகம் போகும் பட்டதாரி, குறுக்குக் கோடு போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறார். பின்னால் வரும் சங்கடங்களில் பெரும்பாலானவை அந்தக் கால் மணி நேரத்தில்தான் தொடங்குகின்றன.

2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் மைசூரு வளாகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியேற்றியது. அவர்களில் பலர் 2022இலேயே ஆஃபர் லெட்டர் வாங்கி, இரண்டு ஆண்டுக்கும் மேல் காத்திருந்து, 2024 அக்டோபரில் சேர்ந்தவர்கள். உள்தேர்வில் மூன்று வாய்ப்பு கொடுத்தும் தேறவில்லை, இந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றது நிறுவனம். அந்த நடவடிக்கை நியாயமா என்று எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் 'பயிற்சியாளர்' என்று சேர்வதற்கும் 'ஊழியர்' என்று சேர்வதற்கும் உள்ள தூரத்தை அந்த இளைஞர்கள் மிக வலியோடு தெரிந்துகொண்டார்கள். ஆஃபர் லெட்டரில் முதலில் பார்க்க வேண்டியது பதவியின் பெயர், தகுதிகாண் காலம், எந்தக் காரணத்துக்காக எத்தனை நாள் நோட்டீஸில் அனுப்பலாம் என்ற பத்தி. சம்பளத் தொகை அதற்குப் பிறகுதான்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். சேரும் நாளில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் டிகிரி வரை அசலைக் கொண்டுவரச் சொல்வது வழக்கம். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்தால் தவறில்லை. "எங்களிடமே பத்திரமாக இருக்கட்டும், இரண்டு வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்" என்று சொன்னால் அங்கேயே நிற்க வேண்டும். கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்துவைத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம், கல்விச் சான்றிதழ் சந்தையில் விலைபோகும் பொருள் அல்ல, அதை ஈடுபோல வைத்துக்கொள்ள முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. வீட்டில் அடகு வைக்க நகை இருக்கிறதோ இல்லையோ, பிள்ளையின் சான்றிதழை மட்டும் அடகு வைக்கக் கூடாது.

அசலைக் கேட்டால் சான்றொப்பமிட்ட நகலைக் கொடுக்கலாம். டிஜிலாக்கரில் வரும் மார்க் ஷீட்டுக்குச் சட்டப்படி அசலுக்குச் சமமான மதிப்பு உண்டு, அதைக் காட்டலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், எந்தெந்தச் சான்றிதழ் எந்தத் தேதியில் பெறப்பட்டது என்று நிறுவனத்தின் முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு கேட்டு இமெயில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டாலும் அந்த இமெயில் சாட்சியாக நிற்கும். அதற்கும் அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், தொழிலாளர் துறையில் மனு, காவல் நிலையத்தில் புகார் என்று வழிகள் இருக்கின்றன.

குறிப்பிட்ட காலம் வேலையில் இருப்பேன் என்று எழுதி வாங்கும் பாண்டைப் பற்றி இளைஞர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, பாண்ட் செல்லவே செல்லாது. மற்றது, மீறினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். இரண்டுமே தவறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று போடும் நிபந்தனை இதில்தான் அடிபடுகிறது. வேலையில் இருக்கும்போது 'இத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும்' என்பது வேறு கணக்கு. அரசு வங்கி அதிகாரி ஒருவர் மூன்று ஆண்டு முடியும் முன்பே விலகியதற்காக 2 லட்சம் ரூபாய் கட்ட நேர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, தேர்வு வைத்து ஆள் எடுக்கும் செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அதற்காக எந்தத் தொகை எழுதியிருந்தாலும் கட்டியே தீர வேண்டும் என்பதில்லை. அதே சட்டத்தின் 74ஆவது பிரிவு, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் தரப்படும் என்கிறது. பத்து நாள் பவர்பாயின்ட் காட்டிவிட்டு மூன்று லட்சம் கேட்கும் நிறுவனம், அந்தத் தொகை ஏன் நியாயம் என்று விளக்க வேண்டிவரும். பாண்டை மீறுவது சிவில் விவகாரம்; அதற்கு ஜெயில் இல்லை. உண்மையான ஆபத்து கூடவே கேட்கும் தேதியில்லாத வெற்றுச் செக்கில் இருக்கிறது. அதில் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, பணமில்லாமல் திரும்பினால், செலாவணி முறிச் சட்டம் 138ஆவது பிரிவில் குற்ற வழக்கே போட முடியும். வெற்றுச் செக்கும், எழுதாத முத்திரைத் தாளில் கையெழுத்தும் எந்த வேலைக்காகவும் கொடுக்கத் தக்கவை அல்ல.

முதல் சம்பளச் சீட்டு பலருக்கு ஏமாற்றம். ஆண்டுக்கு 3,36,000 சி.டி.சி. (நிறுவனம் ஒருவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 28,000 வரும் என்று அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள். அடிப்படைச் சம்பளம் 14,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் செலுத்தும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய், அந்த 28,000க்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவதாகச் சொல்லும் 673 ரூபாயும் அதற்குள்தான். மீதி 25,647இல் ஊழியர் பங்கு பி.எஃப். இன்னொரு 1,680 போகும். தொழில் வரியும் கழிந்தால் கைக்கு வருவது 24,000க்குக் கொஞ்சம் கீழே. 'வேரியபிள் பே' என்று ஒரு பகுதி எழுதியிருந்தால் இன்னும் குறையும். வாடகை அட்வான்ஸையும் பைக் தவணையையும் இந்தத் தொகையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிடித்த பி.எஃப். கணக்கில் ஏறியதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண்ணோடு இணைத்த கைபேசியிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். உமங் செயலியில் பாஸ்புக்கையே பார்க்கலாம். சீட்டில் கழித்தல் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால், வருங்கால வைப்பு நிதி அமைப்பின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியலாம். 21,000 ரூபாய்க்குள் ஊதியம் வாங்குவோருக்கு, சட்டம் பொருந்தும் நிறுவனமென்றால் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் உரிமை. ஊழியர் பங்கு 0.75 சதவீதம் மட்டுமே.

இந்த பி.எஃப். பதிவுதான் இன்னொரு கூட்டத்தையும் காட்டிக்கொடுக்கிறது. 'பேக்டோர் வேலை' என்று பணம் வாங்கி, இல்லாத நிறுவனத்தில் வேலை பார்த்ததாகப் போலி அனுபவச் சான்றிதழ் தயாரித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பின்னணிச் சரிபார்ப்பில் யு.ஏ.என். வரலாற்றைப் பார்த்ததும் பொய் வெளுத்துவிடும். வேலை போகும், கொடுத்த பணம் போகும், நன்றாகப் படித்த பையனின் பெயரும் கெடும். வெளிநாட்டு வேலையில் விலை இதைவிடக் கொடியது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தனர். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர சேவைக் கட்டணம் வாங்க முடியாது. உள்நாட்டில் 'லேப்டாப் டெபாசிட்', 'பயிற்சிக் கட்டணம்' என்று ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

பெண்களுக்கு ஒரு சட்டம் முதல் நாளிலிருந்தே துணை நிற்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்சியாளரும் புகார் தரலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழு இல்லாத சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. வெட்கப்பட்டும் 'புரொபேஷன் முடியட்டும்' என்று பொறுத்தும் மாதங்கள் ஓடிவிடுகின்றன என்பதால் இந்தக் கெடுவை நினைவில் வைப்பது நல்லது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. நியமனக் கடிதம் தருவது இப்போது நிறுவனத்தின் கடமை. மாத ஊதியம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். 'எஃப் அண்ட் எஃப் (இறுதிக் கணக்கு முடிப்பு) 45 நாள் ஆகும்' என்று எச்.ஆர். சொன்னால் இந்த விதியைச் சுட்டி எழுதலாம். விலகும்போது ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். அலுவலக இமெயில் மூடப்படுவதற்கு முன்பே தன் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் சொந்தக் கணக்கில் சேமித்திருக்க வேண்டும். நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளைத் தொடவே கூடாது.

ஐ.டி. ஊழியருக்குத் தொழிலாளர் சட்டமெல்லாம் கிடையாது என்ற பேச்சும் பொய். அவர்களும் சங்கம் அமைக்கலாம், அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியது. சம்பள பாக்கிக்கு மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பே கிடையாது.