பேரண்டத்தை விரிக்கும் ஆற்றல் மாறுமா?

பிறை பார்க்க மொட்டை மாடிக்கு ஏறும்போது, வில்லியனூரிலும் பாகூரிலும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வானம் இன்னும் பெரிதாகிக்கொண்டே போகுமா?" இதற்குப் பதில் சொல்ல நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

தொலைதூர நட்சத்திர வெடிப்புகளின் ஒளியை அளந்த இரண்டு குழுக்கள், பேரண்டம் வேகமெடுத்து விரிகிறது என்று 1998-ல் கண்டறிந்தன. இதற்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வேகத்துக்குக் காரணமானதை 'இருண்ட ஆற்றல்' என்கிறார்கள். பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் இதுதான்.

அது என்ன? ஐன்ஸ்டைன் 1917-ல் எழுதிய மாறிலியாக, என்றும் ஒரே அளவில் இருப்பதாகக் கொள்வது ஒரு விளக்கம். காலப்போக்கில் மாறும் ஒரு ஸ்கேலார் புலம் என்பது இன்னொரு விளக்கம்.

ஸ்கேலார் என்றால் திசை இல்லாத, வெறும் எண். பாகூர் ஏரிக்கரையில் வெப்பம் 31 டிகிரி, வில்லியனூரில் 33 டிகிரி என்று வையுங்கள். இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் இருந்தால் அது ஸ்கேலார் புலம். காற்றுக்குத் திசை உண்டு. எனவே அது வேறு வகை.

ஏரிக்கரைச் சரிவில், சேற்றில் மெல்ல உருளும் பந்தை நினைத்துப் பாருங்கள். பேரண்டத்தின் விரிவே இந்தப் புலத்துக்குச் சேறு போலத் தடையாகிறது. புலம் மெதுவாக நகரும்வரை அதன் ஆற்றல் ஏறக்குறைய மாறாது, விரிவும் வேகமெடுக்கும். புலம் விரைந்து உருளத் தொடங்கினால் அந்த வேகமெடுப்பு நின்றுபோகலாம்.

இத்தகைய மாதிரியை பாரத் ராத்ராவும் ஜேம்ஸ் பீபிள்ஸும் 1988-லேயே முன்வைத்தனர். புனேயைச் சேர்ந்த தாணு பத்மநாபன் 2002-ல் 'டேக்கியான்' புலத்தைக் கொண்டு விளக்க முயன்றார். டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் பேராசிரியராக இருந்த எம். ஸமி, கோப்லேண்ட், சுஜிகாவா ஆகியோருடன் 2006-ல் வெளியிட்ட விரிவான ஆய்வுத் தொகுப்பு, இத்துறையில் நுழைபவர்கள் உலகெங்கும் படிப்பது.

அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து ஏறத்தாழ 1.5 கோடி விண்மீன் மண்டலங்களையும் குவேசார்களையும் அளந்த டெசி ஆய்வு, இருண்ட ஆற்றல் வலுவிழந்து வரலாம் என்று 2025 மார்ச்சில் தெரிவித்தது. ஆனால் எந்தத் தரவுகளுடன் சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, அதன் உறுதி 2.8 முதல் 4.2 சிக்மா வரைதான். கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். எளிய ஸ்கேலார் புலத்தால் அந்தத் தரவு முழுவதையும் விளக்குவதும் கடினம்.

எனவே "ஐன்ஸ்டைன் தோற்றார்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அப்படியே பகிர வேண்டாம். வேகமெடுப்பு என்றென்றும் தொடருமா, ஒருநாள் ஓயுமா என்பது இந்த அளவீடுகளைப் பொறுத்தது. பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்வோம்: "இன்னும் முடிவாகவில்லை, அளந்துகொண்டிருக்கிறார்கள். நீ கணிதமும் இயற்பியலும் நன்றாகப் படித்தால், அளப்பவர்களில் நீயும் ஒருவராகலாம்."