ஜிப்ஸிக்கு மூளை வைத்தார்கள்!

கோபிசெட்டிபாளையத்தில் என் கொழுந்தனார் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, திண்ணையில் இரண்டு பெரிய டயர்களும், கூடத்தில் ஒரு வயர்க் குவியலும், சாப்பாட்டு மேஜையின் மேல் ஏதோ ஓர் இரும்பு அவயவமும் எங்களை வரவேற்றன.

"வாங்கக்கா! அதைத் தொட்டுராதீங்க, கார்புரேட்டருங்க" என்றாள் ஓரகத்தி.

"தொட்டால் என்ன ஆகிவிடும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. அப்புறம் காப்பி குடிச்சாலும் பெட்ரோல் வாசம்தான் வரும்."

கொழுந்தனாருக்கு மோட்டார்ப் பைத்தியம் உண்டு என்பது கல்யாணத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. அவரிடம் இருப்பது 1990-களின் கடைசியில் வந்த மாருதி ஜிப்ஸி. 1985-ல் முதன்முதலாக வெளிவந்து, பட்டாளத்திலும் வன இலாகாவிலும் ஓடி ஓடிப் பெயர் வாங்கிய அதே ஜாதி வண்டி. இவர் அதற்கு ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, சேற்றில் மாட்டிக் கொண்டால் இழுக்க முன்னால் ஒரு வின்ச்சையும் பொருத்தியிருக்கிறார். சொந்தத் தோட்டங்களில் நடத்தும் சேற்றுப் போட்டிகளுக்கு அதை ஓட்டிச் செல்வார். (காட்டுக்குள் அல்ல. சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். அங்கே இந்த விளையாட்டுக்கெல்லாம் இடமில்லை, இருக்கவும் கூடாது.)

இவ்வளவு அலங்காரம் செய்தும் வண்டிக்கு ஒரு தீராத வியாதி இருந்தது. மேட்டில் சாய்ந்து ஏறும்போது சொல்லாமல் கொள்ளாமல் இஞ்சின் நின்றுவிடும். திம்பம் மலை ஏறினால் கரும்புகை கக்கும்.

காரணம் மேஜையின் மேல் இருந்த அந்த ஆசாமிதான். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதந்து குழாயை மூடுகிறதல்லவா? கார்புரேட்டருக்குள்ளும் அப்படி ஒரு மிதவை உண்டு. வண்டி சமதரையில் இருக்கும் வரை அது ஒழுங்காகக் கணக்குப் பார்க்கும். சாய்ந்துவிட்டால் கணக்குத் தப்பி, ஒன்று பெட்ரோலை வழியவிடும், அல்லது பட்டினி போடும். மலை மேலேயோ வேறு தொந்தரவு. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித் திம்பத்தை அடைவதற்குள், கோபியில் இருக்கும் காற்றின் அடர்த்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அது கார்புரேட்டருக்குத் தெரியாது. அது பாட்டுக்குத் தாராளமாகப் பெட்ரோல் ஊற்றிக் கொண்டே இருக்கும்.

புதிய வண்டிகளில் இந்தக் கஷ்டம் கிடையாது. 2000-ஆம் வருஷத்தில் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. நீங்கள் ஓட்டும் பெட்ரோல் ஸ்கூட்டர் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதானால், அதற்குள்ளும் அநேகமாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து பெட்ரோலை அளந்து கொண்டுதான் இருக்கும். ஆனால் அது கம்பெனியில் பாடம் படித்து வந்தது. அந்த ஒரு இஞ்சினைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது. பழைய வண்டிக்கு வைப்பதென்றால், நாமே பாடம் சொல்லிக் கொடுக்கக்கூடிய பெட்டி வேண்டும். 2001 வாக்கில் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இருவர், வீட்டிலேயே பற்ற வைத்துச் செய்து கொள்ளும்படி 'மெகாஸ்குவர்ட்' என்ற பெட்டியை உருவாக்கினார்கள். இன்று அந்த வம்சத்தில் எத்தனையோ வந்துவிட்டன. அப்படி ஒன்றுதான் கோபிக்கும் வந்து சேர்ந்திருந்தது.

கோயமுத்தூர்ச் சீமைக்கு இது புதிதல்ல. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் ஆரம்பித்த ஜி. டி. நாயுடு, எந்த யந்திரத்தையும் பிரித்துப் பார்க்காமல் விட்டவரில்லை. பிறகு எஸ். கரிவர்தன், மாருதி காரின் இஞ்சினை எடுத்துப் பந்தயக் கார்களே செய்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் காலமானார். அவர் பெயரில் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை இருக்கிறது. (அது வேறு செட்டிபாளையம். எங்கள் கோபிக்காரர்களிடம் இதைக் குழப்பிப் பேசினால் கோபித்துக் கொள்வார்கள்.)

சரி, மூளை வைக்கும் வைபவத்துக்கு வருவோம்.

பெட்டிக்குக் கண்ணும் காதும் முதலில் வேண்டும். இஞ்சினின் முன்புறக் கப்பியில் ஒரு பல்சக்கரம் மாட்டினார்கள். 36 பல் இருக்க வேண்டிய சக்கரத்தில் 35தான். வேண்டுமென்றே ஒன்றை விட்டிருக்கிறார்கள்! பக்கத்தில் இருக்கும் சென்சார் பற்களை எண்ணிக் கொண்டே வரும்; பொக்கை வந்ததும், 'ஒரு சுற்று முடிந்தது, பிஸ்டன் இன்ன இடத்தில் இருக்கிறது' என்று பெட்டிக்குப் புரிந்துவிடும். காற்றின் அழுத்தம், இஞ்சினின் சூடு, ஆக்ஸிலேட்டர் மிதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெட்ரோலைப் பீச்சும் இஞ்செக்டர்கள். எவ்வளவு நேரம் பீச்சுவது என்பதைப் பெட்டி மில்லி செகண்டில் தீர்மானிக்கிறது.

இங்கேதான் ஓரகத்தி குறுக்கிட்டாள். "ஏனுங்க, பெட்ரோல் ஓஸெல்லாம் அதேதானா?" என்றாள்.

கொழுந்தனார், "அது நல்லாத்தானே இருக்குது" என்று மழுப்பினார். வயதான மெக்கானிக் மட்டும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மிணி கேக்கறதுதானுங்க சரி" என்றார்.

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சும்மா கசிந்து வந்தால் போதும். இஞ்செக்டருக்கோ சுமார் மூன்று பார் அழுத்தம் தேவை. கார் டயருக்குள் இருப்பதைவிட அதிகம்! பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்காமல் வெடித்தால், கொதிக்கும் இஞ்சின் மேல் பெட்ரோல் பீச்சியடிக்கும். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டுமா? குழாய், கிளிப் எல்லாம் புதிதாக, அழுத்தம் தாங்கும் ரகத்தில் வந்தன. பற்கள் சுற்றுவது நின்றால் பெட்ரோல் பம்ப்பும் உடனே நின்றுவிடுகிறதா என்றும் மூன்று தரம் பரீட்சை பார்த்தாள். வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காப்பது அதுதான். அந்த வண்டியில் உட்காரப் போவது அவள் குழந்தைகள் அல்லவா?

இஞ்சின் கிளம்பியது. எல்லோரும் கை தட்டினோம். ஹாரனை அடித்தார்கள், இஞ்சின் நின்றுவிட்டது! மறுபடி கிளப்பி மறுபடி ஹாரன், மறுபடி மௌனம். இரண்டு நாள் தேடினார்கள். கடைசியில் எர்த் வயரை பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முறுக்கியிருந்தது தெரிந்தது. சுரண்டி, சென்சார்களுக்குத் தனியாக எர்த் கொடுத்ததும் சரியாயிற்று. ஐந்து நிமிஷ வேலை!

பிறகு பாடம் சொல்லிக் கொடுக்கும் படலம். பெட்டிக்குள் 16-க்கு 16, ஆக 256 கட்டங்கள். நம் புள்ளிக் கோலம் போலத்தான். ஒரு பக்கம் இஞ்சினின் வேகம், மறு பக்கம் அதன் மேல் விழும் பாரம். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு பெட்ரோல் என்று எழுத வேண்டும். இடைவெளிகளைப் பெட்டியே இழுத்து நிரப்பிக் கொள்ளும்.

கொழுந்தனார் ஓட்ட, கம்ப்யூட்டர் படித்த ஓரகத்தி மடியில் லாப்டாப்புடன் பக்கத்தில், பின்னால் மெக்கானிக்கும் நானும். பகலில் திம்பம் மலை ஏறினோம். சைலன்ஸரில் ஒரு சென்சார் புகையை முகர்ந்து எண் சொல்கிறது. எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது சமநிலை. மேட்டில் முக்கி ஏறும்போது 12.5, 13 என்று கொஞ்சம் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அங்கே சிக்கனம் பிடித்தால் சூடு மிஞ்சிப் பிஸ்டனே உருகிவிடுமாம்.

"பதினாலு காட்டுதுங்க, காலை எடுங்க!" என்பாள். எழுதுவாள். "இப்ப மிதிங்க." மெக்கானிக் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருந்தவர் திடீரென்று, "தட்டுது அம்மிணி, கேக்குதுங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் உடனே பொறி விழும் நேரத்தை இரண்டு டிகிரி தள்ளி வைத்தாள். அந்த மனிதர் நாற்பது வருஷமாகக் காதில் சேர்த்து வைத்ததை, அவள் ஒவ்வொரு கட்டமாக எழுதி வாங்கிக் கொண்டிருந்தாள்!

இருபத்தேழாவது வளைவு வரை கரும்புகையே இல்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வற்புறுத்தியிருக்கிறது. ஸ்பானரைத் தொடுமுன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக் கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ்காரரையும்தான்.

திம்பத்தில் நல்ல பசி. ஸீட்டுக்கு அடியில் ஓர் எவர்ஸில்வர் டிபன் பாக்ஸ் தென்பட்டது. ஆவலாகத் திறந்தேன். உள்ளே முறுக்கு இல்லை. ஒரு பல்சக்கர சென்சார், இரண்டு ரிலே, நாலைந்து ப்யூஸ்!

"அது இருக்கட்டுங்கக்கா" என்று மூடி வாங்கிக் கொண்டாள் ஓரகத்தி. "கார்புரேட்டர் அடைச்சுதுன்னா வழியிலேயே களட்டி ஊதிக்கலாங்க. இது போச்சுன்னா கோபிக்கு நடந்துதான் போகோணும். பணியாரம் பின்னால பையில இருக்குதுங்க."