தற்கொலை நடந்த வீட்டுக்கு யார் துணை? சந்தேகங்களும் விளக்கங்களும்

சாவு விழுந்த வீட்டை நம் ஊர்களில் தனியாக விடுவதில்லை. அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சோறு வரும். பதினாறாம் நாள் காரியம்வரை யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். தற்கொலை என்றால் இந்த வழக்கமெல்லாம் சுருங்கிவிடுகிறது. ஜி.ஹெச். பிணவறையிலிருந்து பல வேளை உடல் நேரே சுடுகாட்டுக்குப் போகிறது. வருகிற சிலரும் துக்கம் விசாரிப்பதைவிட, காரணம் விசாரிக்கத்தான் வருகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். இத்தனை வீடுகளில் மிஞ்சியிருப்பவர்கள் கேட்கிற, கேட்கத் தயங்குகிற கேள்விகள் சில:

போனவர் போய்விட்டார். இருப்பவர்களைத் தேற்றுவது எப்படித் தற்கொலைத் தடுப்பாகும்?

தற்கொலையால் நெருங்கிய உறவை இழந்தவர்களுக்கு அதே அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இங்கே துக்கம் தனியாக வருவதில்லை. ‘முந்தின நாள் நான் திட்டாமல் இருந்திருந்தால்’ என்ற குற்றவுணர்ச்சி கூடவே வருகிறது. இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்ற கோபம் வருகிறது. கோபப்பட்டதற்காக ஒரு வெட்கமும் வருகிறது. போதாததற்குக் காவல் நிலையம், கடன்காரர்கள், சொந்தக்காரர்களின் வாய். இவ்வளவையும் வெளியே சொல்ல முடியாமல் ‘மாரடைப்பு’ என்று சொல்லிக்கொண்டு வாழும் குடும்பங்கள் உண்டு. மதுரையைச் சேர்ந்த எழுத்தாளர் நந்தினி முரளி 2017-ல் கணவரை இப்படி இழந்தவர். அதை மறைக்காமல் பேசுவது என்று முடிவெடுத்து, மனநல அமைப்பான எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையோடு சேர்ந்து ‘ஸ்பீக்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். அப்படி ஒருவர் முன்னால் வந்து பேசினால்தான் அடுத்தவருக்கும் வாய் திறக்கும் தைரியம் வரும்.

எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்களே, எங்கள் மேல் வழக்கா?

இல்லை. இயற்கைக்கு மாறான எந்த மரணத்திலும் காவல்துறை விசாரிக்க வேண்டும். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு. மரணத்துக்கான காரணத்தை அறியத்தான் இந்த விசாரணை. யாரையும் குற்றவாளி ஆக்குவதற்கல்ல. யாராவது தூண்டியதாகப் புகாரோ ஆதாரமோ இருந்தால் அது தனி வழக்கு. கல்யாணமாகி 7 ஆண்டுகளுக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். இதை அந்த வீட்டாரிடம் நிதானமாக எடுத்துச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

முயற்சி செய்து பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் பிடிக்குமா?

இந்தப் பயத்தில் சிகிச்சையைத் தாமதப்படுத்துவதுதான் பெரிய ஆபத்து. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியையே குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் மிரட்டுவதற்காக முயல்வது மட்டுமே இப்போது குற்றம்.

‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாமா? இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல ஆகாதா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒருவராவது கேட்டாரே என்ற நிம்மதிதான் பலருக்கு வரும். கேட்டுவிட்டுப் புத்திமதி சொல்ல ஆரம்பிப்பதுதான் தப்பு.

துக்கம் விசாரிக்கப் போனால் என்ன பேசுவது?

ஏன், எப்படி என்று கேட்காதீர்கள். எப்படி என்பது உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. ‘கோழை’, ‘பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாரா’ என்ற வார்த்தைகள் வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவர் செய்த நல்லதைச் சொல்லுங்கள். ரேஷன் கடைக்குப் போய் வருவது, இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலைவது, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவது எல்லாமே ஆறுதல்தான். காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் போய் எட்டிப் பாருங்கள். முதல் வாரத்தைவிட அப்போதுதான் ஆள் தேவை.

சின்னப் பிள்ளையிடம் என்ன சொல்வது?

‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று சொல்லக் கூடாது. அந்தப் பொய்யைத் தெருவில் யாராவது உடைத்துவிடுவார்கள். அப்பா மனசு ரொம்ப நோயுற்றிருந்தது, அதனால் இறந்துவிட்டார், இதில் உன் தப்பு எதுவும் இல்லை என்று வயதுக்குத் தக்கபடி சொல்லலாம். கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

காப்பீட்டுப் பணம் கிடைக்குமா?

பொதுவாக ஆயுள் காப்பீட்டில், பாலிசி தொடங்கிய அல்லது புதுப்பித்த நாளிலிருந்து 12 மாதங்கள் கடந்திருந்தால் முழுத் தொகையும் உண்டு. அதற்குள் என்றால் கட்டிய பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் திரும்ப வரும். விபத்து மரணத்துக்கான கூடுதல் தொகை கிடைக்காது. தற்கொலை என்றாலே ஒன்றுமில்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடாதீர்கள்.

விதியை யாரால் மாற்ற முடியும்? இதற்கெல்லாம் இயக்கம் நடத்தி என்ன பயன்?

மாறியிருக்கிறதே. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘ஸ்நேகா’ அமைப்பு விடாமல் வலியுறுத்தியதால், பிளஸ் டூவில் தவறியவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனே மறுதேர்வு எழுத வழி பிறந்தது. இலங்கை கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 1990-களின் நடுவில் உச்சத்தில் இருந்த அங்கத்திய தற்கொலை விகிதம் அதன் பிறகு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு. ‘வயிற்றுவலி தாங்காமல்’ என்று ஒற்றைக் காரணம் எழுதுவது நம் தொழிலின் பழைய நோய். காரணத்தை எளிமைப்படுத்தாதே, முறையை விவரிக்காதே என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-லேயே சொல்லிவிட்டது.

2022-ல் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030-க்குள் இறப்பை 10 சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்திருக்கிறது. இழந்த குடும்பங்களுக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதையும் அந்த இலக்கோடு சேர்த்துக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் அந்தக் குடும்பங்களுக்கென்றே ஒரு கையேடு உண்டு. அரசு செலவில் ஆதரவுச் சேவையும் உண்டு. நமக்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பிரேதப் பரிசோதனைக்கு வரும் குடும்பத்தின் தொலைபேசி எண் அவர்கள் சம்மதத்தோடு அந்தத் திட்ட ஆலோசகருக்குப் போகட்டும். ஒரு வாரத்தில் அவர் தானே அழைக்கட்டும். சட்டம், சான்றிதழ், காப்பீடு, உதவி எண் எல்லாம் அடங்கிய ஒரு தமிழ்த் தாள் பிணவறையிலேயே கையில் கிடைக்கட்டும்.

இப்போதைக்கு எங்கே அழைப்பது?

14416: மத்திய அரசின் டெலி மனஸ். தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104. ஸ்நேகா: 044-24640050. உறவை இழந்தவர்களும் இவற்றில் பேசலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றாலும் பேசுவார்கள்.