கொட்டகையைத் தாங்குவது ஆணிதான்... பார்த்து வாங்குங்கள்!

ஆட்டுக்கொட்டகை போட மரம், தகரம், கூலி என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். ஆணி வாங்கும்போது மட்டும், ‘மூணு இஞ்ச்ல ரெண்டு கிலோ கொடுங்க’ என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பலத்த காற்றடிக்கும் நாளில்தான் அந்தத் தவறு தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, டெல்டா மாவட்டங்களில் கூரைகள் பறந்ததை மறந்திருக்க மாட்டோம். இப்படிப் பறக்கும் தகரம் பெரும்பாலும் கிழிவதில்லை; ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போகிறது.

காரணம் எளிது. குறுக்கே வரும் பாரத்தை ஆணி நன்றாகத் தாங்கும். நேராக இழுத்தால் எளிதில் கழன்றுவிடும். காற்று கூரையை மேல்நோக்கித்தான் இழுக்கிறது.

நீளம் எவ்வளவு?

மேலே வைக்கும் சட்டத்தின் தடிமனைப்போல மூன்று மடங்கு நீளம் ஆணிக்கு வேண்டும். ஒரு இஞ்ச் ரீப்பர் என்றால் மூன்று இஞ்ச் ஆணி. அப்போதுதான் இரண்டு இஞ்ச் அடிமரத்தில் இறங்கிப் பிடிக்கும். எப்போதும் மெல்லிய மரத்தின் வழியாகத் தடித்த மரத்துக்குள் அடிக்க வேண்டும்.

கட்டையின் வெட்டு முகத்தில் அடித்த ஆணிக்குப் பிடிமானம் குறைவு. பக்கவாட்டில் அடிப்பதே நல்லது. வெட்டிய ஈரம் காயாத சவுக்கில் அடித்தால், மரம் காயக் காய ஆணி தளர்ந்துவிடும். காய்ந்த மரத்தில் அடியுங்கள். தண்டில் வரிவரியாக வளையம் உள்ள ஆணி கிடைத்தால் வாங்குங்கள். வழவழப்பான கம்பி ஆணியைவிட அது நன்றாகப் பிடிக்கும்.

மரம் பிளக்கிறதா?

வேம்பு, கருவேலம் போன்ற கெட்டி மரங்களில், ஆணியின் கனத்தைவிடச் சற்று சிறிய துளை போட்டுக்கொண்டு அடியுங்கள். துளையிடும் கருவி இல்லையென்றால், ஆணியின் கூர்முனையைச் சுத்தியால் லேசாகத் தட்டி மழுக்கிவிடுங்கள். கூர்முனை நாரைப் பிரித்துக்கொண்டு போகும். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். ஒரே நேர்கோட்டில் வரிசையாக அடிக்காமல், மாற்றி மாற்றி அடியுங்கள்.

துருவுக்கு எது?

கொட்டகையில் சிறுநீரும் ஈரமும் எப்போதும் இருக்கும். கடலோரம் என்றால் உப்புக்காற்றும் சேரும். சாதாரணக் கம்பி ஆணி அங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜி.ஐ. ஆணி, அதாவது துத்தநாகப் பூச்சு உள்ள ஆணிதான் ஏற்றது. அதிலும் பளபளவென்று மின்னுவதில் பூச்சு மெல்லியது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது மங்கலான சாம்பல் நிறத்தில், சற்று சொரசொரப்பாக இருக்கும். அதுதான் நீடிக்கும்.

கூரைக்கு எது?

மரச் சட்டத்தின்மேல் தகரம் என்றால், அகன்ற தலையுள்ள குடை ஆணியை வாஷரோடு அடியுங்கள். தகரத்தின் மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் மழைநீர் அந்தத் துளையில் இறங்கும். காற்று முதலில் தூக்குவது ஓரங்களையும் மூலைகளையும்தான். அங்கே நெருக்கமாக அடியுங்கள். இரும்புக் குழாய்ச் சட்டம் என்றால் ஆணி உதவாது. ஜே போல்ட்டோ, ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூவோதான் வேண்டும். கான்கிரீட் தூணில் கம்பி ஆணி வளைந்துவிடும். அதற்கென்றே விற்கும் கெட்டியான கான்கிரீட் ஆணியை வாங்குங்கள். அது உடைந்து தெறிக்கலாம் என்பதால், கண்ணாடி போட்டுக்கொண்டு அடிப்பது நல்லது.

பழைய ஆணியை நிமிர்த்தி அடிக்கலாமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. தற்காலிக வேலைக்கு அடிக்கலாம். கூரைக்கும் பாரம் தாங்கும் இடத்துக்கும் வேண்டாம். வளைந்த இடத்திலேயே மறுபடியும் வளையும்; பூச்சும் போயிருக்கும்.

வேலை முடிந்ததும்...

மாடு தீவனத்தை நாக்கால் சுருட்டி, மெல்லாமலே விழுங்கும். அதில் ஆணி கிடந்தால் அதுவும் உள்ளே போய்த் தேன்கூடு வயிற்றில் தங்கிவிடும். அந்த வயிறு சுருங்கும்போது, ஆணி சுவரைக் குத்திக்கொண்டு முன்னால் நகர்ந்து இதயம்வரை போகக்கூடும். தீவனம் எடுக்காமை, திடீரெனப் பால் குறைவது, முன்னங்கால் முட்டிகளை அகட்டி நிற்பது, நடக்கத் தயங்குவது போன்றவை தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணி எடுத்த ஆணியில் எத்தனை அடித்தோம், எத்தனை மீதி என்று கணக்குப் பாருங்கள். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தால், விழுந்த ஆணிகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கொட்டகை வேலை முடிந்தது என்று அதற்குப் பிறகு சொல்லுங்கள். மாட்டை அதற்குப் பிறகு உள்ளே கட்டுங்கள்.