சாணத் தரையிலிருந்து நாலுக்கு ரெண்டு டைல்ஸ் வரை: சுங்குவார்சத்திரத்து வீடுகள், அன்றும் இன்றும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி சுங்குவார்சத்திரம் வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் புது வீடுகள். கீழ்த்தளத்தில் பட்டி பார்த்துக்கொண்டிருப்பார்கள், மேல்தளத்தில் சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்காரர்களைக் கேள்விகள் துரத்தும். தரைக்கு ரெண்டுக்கு ரெண்டடி டைல்ஸா, நாலுக்கு ரெண்டடியா? மேட்டா, பளபளப்பா? சன்னலுக்கு மரமா, யுபிவிசியா? சமையலறைக்குக் கறுப்பு கிரானைட்டா, வெள்ளைக் குவார்ட்ஸா? ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பகுதியின் பெரும்பாலான குடும்பங்களிடம் இப்படி யாரும் கேட்டதில்லை.

அன்று இது ஏரிப் பாசனத்தை நம்பிய நெல் விளையும் பகுதி. கையில் கொஞ்சம் காசு இருந்தவர்கள் நாட்டு ஓடு போட்டார்கள். இல்லாதவர்களுக்கு ஓலைக் கூரை. சுவர் மண், தரையும் மண். தரையைத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டியாக்கி, சாணம் கரைத்து மெழுக வேண்டும். நாலு நாளில் புழுதி கிளம்பும், மறுபடி மெழுக வேண்டும். அத்தனையும் பெண்கள் குனிந்து செய்த வேலை.

சில வசதியான வீடுகளில் மட்டும் காவித் தரை இருந்தது. சிமெண்டில் சிவப்பு ஆக்ஸைடு கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைப்பார்கள். நல்ல கொத்தனார் கை பட்ட தரை இரண்டு தலைமுறை தாங்கும், வெயிலிலும் குளுகுளுவென்றிருக்கும். இன்று அதைப் புகழ்ந்து நிறைய எழுதுகிறார்கள். அந்தப் புகழ் நியாயமானதுதான். ஆனால் அந்தக் குளிர்ச்சி ஊர்த்தெருவின் சில வீடுகளுக்கே வாய்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலித்துகள் வசித்த காலனியின் குடிசைகளுக்கு வாய்த்தது மண் தரைதான்.

இந்தக் கதை திசைமாறியது தொழிற்சாலைகளால். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை வந்தது. 2006-இல் நோக்கியா, 2007-இல் சாம்சங், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். நிலம் விற்ற பணம், மாதச் சம்பளம், தொழிலாளர்கள் தரும் வாடகை என மூன்று வழிகளில் வந்த காசு செங்கல்லும் கம்பியுமாக மாறியது. வீட்டுக் கடன் தர வங்கிகளும் முன்வந்தன.

இன்று குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வந்திறங்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் ஊர்த்தெருவுக்கும் போகிறது, காலனிக்கும் போகிறது. தரையைப் பார்த்து வீட்டுக்காரர் யார் என்று சொல்லிவிட முடியாத காலம் வந்திருக்கிறது. இந்தச் சமத்துவம் சின்ன விஷயமல்ல. காவித் தரை போனதற்காக வருந்துகிறவர்கள், சாணம் மெழுகிய கைகளுக்கு ஓய்வு கிடைத்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சமையலறை இன்னும் அதிகமாக மாறியிருக்கிறது. அன்று இருட்டான மூலையில் தரையோடு தரையாக விறகடுப்பு, பக்கத்தில் அம்மி, புறக்கடையில் உரல். அடுப்பை எங்கே வைப்பது என்று அதன் முன் வெந்த பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு எரிவாயு வந்தது, கடப்பா கல் மேடை எழுந்தது. 2011-இல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, ஒற்றை பிளக் பாயிண்ட் வைத்திருந்த வீடுகளுக்கு அந்த ஒன்று போதவில்லை. இன்று மேடையின் உயரம், சிங்க் இருக்குமிடம், பாயிண்டுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் வீட்டுப் பெண்களே சொல்கிறார்கள். கடன் தவணையில் அவர்கள் சம்பளமும் சேர்ந்திருக்கும் வீடுகளில் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் வலு.

தேர்ந்தெடுக்கும் உரிமை இப்படிப் பரவலாக வந்துவிட்டது. தேர்ந்தெடுக்கத் தேவையான அறிவு அதே வேகத்தில் வரவில்லை என்பதுதான் என் கவலை. அன்று சுண்ணாம்பு புளித்ததா, மரம் காய்ந்ததா என்று கொத்தனாரும் ஆசாரியும் பார்த்துச் சொன்னார்கள். வீட்டுக்காரரும் தொட்டுப் பார்த்தார். இன்று வழவழப்பான கேட்லாக்கில் கண் போகிறது, சுவருக்குள் போவதை யாரும் பார்ப்பதில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு லட்சம் செலவழித்த வீட்டில், இரண்டே மழையில் குளியலறைச் சுவர் ஓதமேறி நிற்கிறது.

ஆகவே, கூடுதல் பணம் கொடுத்து எதை மேம்படுத்தலாம் என்று யோசிக்கும்போது, பிறகு மாற்ற முடியாததை முதலில் செய்யுங்கள். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். விளக்கையும் அலமாரிக் கதவையும் அப்படியே. குளியலறைத் தளத்தின் நீர்க்காப்பை டைல்ஸை உடைக்காமல் மாற்ற முடியாது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அங்கே ஒரு நாளாவது தண்ணீர் தேக்கி வைத்து, கீழே கசிகிறதா என்று பாருங்கள். ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியாக இழுக்கப்பட்டதா, எர்த் ஒழுங்காக இருக்கிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தப்பட்டதா என்று கேளுங்கள். இவை ஷோரூமில் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டப்படுவதில்லை, ஆனால் உயிர் காப்பவை.

டைல்ஸிலும் அழகுக்கு முன்னால் குணத்தைக் கேட்க வேண்டும். தண்ணீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாதது விட்ரிஃபைடு. சுவருக்கென்று செய்யப்படும் செராமிக் 10 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். பின்னதை விலை குறைவென்று தரையில் போட்டால் தாங்காது. வயதானவர்கள் உள்ள வீட்டின் குளியலறைக்குப் பளபளப்பு கூடவே கூடாது, சொரசொரப்புதான் வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு கட்டையால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் அடியில் கலவை இல்லை.

அன்று வாய்ச்சொல்லும் வெற்றிலை பாக்கும் போதும். இன்று எழுத்து வேண்டும். 'பிராண்டட் ஃபிட்டிங்ஸ்' என்று ஒப்பந்தத்தில் பொதுவாக எழுதியிருந்தால் அதற்கு எந்தப் பொருளும் கொள்ளலாம். எந்தக் கம்பெனி, எந்த ரகம், டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, அதற்கு மேல் போனால் வித்தியாசம் எப்படிக் கணக்கிடப்படும் என்று எழுதி வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒப்புக்கொண்ட பொருத்துபொருள்களைப் பில்டர் தன்னிஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிந்தால் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் வரும் திட்டங்களும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களும் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படத் தேவையில்லை. இங்கே பலர் வீடு வாங்குவது அப்படிப்பட்ட சின்னத் திட்டங்களில்தான். அவர்களுக்கு அந்த ஒப்பந்தத் தாள்தான் பெரிய துணை.

கடனையும் யோசிக்க வேண்டும். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. ஆலை நின்றாலும் தவணை நிற்காது. இத்தாலியன் மார்பிளை அடுத்த போனஸுக்குத் தள்ளிவைப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

கடைசியாக, மாடி வீடுகள். கீழே தங்களுக்கு கிரானைட் போட்டு, மேலே வாடகை அறைகளுக்கு இருப்பதிலேயே மலிவான ஒயரையும் குழாயையும் போடும் வழக்கம் இங்கே உண்டு. அந்த அறைகளில் இருப்பவர்கள் பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து, ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள். பக்கத்திலுள்ள வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. தொழிலாளியின் தங்குமிடமும் தரமாக இருக்க வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. இந்த ஊருக்கு டைல்ஸ் வாங்கும் வசதி வந்ததே தொழிலாளர்கள் உழைப்பால்தான். ஆகவே மாடிக்கும் அதே தடிமன் ஒயர், அதே நீர்க்காப்பு, வழுக்காத குளியலறை, காற்று வரும் சன்னல் போடுங்கள். சாணத் தரையிலிருந்து எழுந்து வந்தவர்கள், இன்னொருவர் தலைக்கு மேல் ஒழுகும் கூரையை விட்டுவைக்கக் கூடாது.